உளநெருக்கீடும் உடலாரோக்கியமும்: அல்-பல்கீ முதல் நவீன ஆய்வுகள் வரை

உடலையும் உள்ளத்தையும் ஒன்றையொன்று பாதிக்கும் இரு கூறுகளாக நோக்குவது இஸ்லாமிய மரபுக்குப் புதியதன்று. மகனைப் பிரிந்த துயரினால் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போனமையை ஸூரா யூஸுப் எடுத்துரைக்கின்றது. கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடி வந்ததை ஸஹீஹுல் புகாரி பதிவுசெய்துள்ளது. மரணம் நிகழ்ந்த வீட்டில் துயருற்றோருக்குத் ‘தல்பீனா’ எனும் கஞ்சியைச் சமைத்து வழங்கச் செய்த ஆயிஷா (ரழி) அவர்கள், அது உள்ளத்திற்கு ஆறுதலளிக்கும் என நபியவர்கள் கூறியதையும் அறிவித்துள்ளார்கள்.

இத்தகைய மரபைக் கொண்ட நம் சமூகத்தில், நீடித்த மனத்துயருக்கு உள்ளானவர் ஈமானில் பலவீனமானவராகக் கருதப்படுவது முரணானதாகும். இக்கருத்தின் விளைவாகப் பலர் தம் நிலையை மறைக்கின்றனர். சிகிச்சையும் காலங்கடந்தே கிடைக்கின்றது. இதனைச் சீர்தூக்கிப் பார்க்க நம் முன்னோரின் எழுத்தும் அண்மைக்கால ஆய்வுகளும் துணைபுரிகின்றன.

அல்-பல்கீயின் பங்களிப்பு

இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்க் பிரதேசத்தில் பிறந்து, ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ, ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்fபுஸ்’ எனும் நூலை யாத்தார். உடல்களினதும் உள்ளங்களினதும் நலன்கள் என்பது அதன் பொருள். முதற்பகுதி உடல்நலத்தையும் இரண்டாம் பகுதி உளநலத்தையும் பேசுகின்றன. கோபம், அச்சம், துக்கம், ஊசலாட்ட எண்ணங்களாகிய வஸ்வாஸ் என்பவற்றுக்கு அவர் தனித்தனி அத்தியாயங்களை ஒதுக்கினார்.

துக்கத்தை அவர் இருவகைப்படுத்தியமை சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. இழப்புப் போன்ற அறியப்பட்ட காரணத்தால் விளைவது ஒன்று. காரணம் புலப்படாமல் தோன்றுவது மற்றொன்று. முன்னையதற்குச் சிந்தனையைச் சீர்ப்படுத்தும் அறிவுரையை அவர் முதன்மையாக விதந்துரைத்தார். பின்னையது குருதியின் நிலையோடு தொடர்புடையதெனக் கருதி, அதற்கு உடல்சார்ந்த சிகிச்சையை வேண்டினார். அவருடைய குருதிக் கோட்பாடு இன்று ஏற்கப்படுவதில்லை. எனினும், எல்லாத் துயரும் உபதேசத்தால் மட்டும் நீங்கிவிடாது என்பதை ஆயிரமாண்டுகளுக்கு முன்னரே ஒரு முஸ்லிம் அறிஞர் வகுத்துரைத்துள்ளார். சூடானிய உளவியலாளர் மாலிக் பத்ரீ இந்நூலின் உளநலப் பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து 2013இல் வெளியிட்டார்.

நவீன ஆய்வுகள் கூறுவன

1991இல் ஷெல்டன் கோஹன் குழுவினர் வெளியிட்ட ஆய்வொன்றில், ஆரோக்கியமான 394 தொண்டர்களின் மூக்கில் தடிமனை உண்டாக்கும் வைரசுகள் துளிகளாக இடப்பட்டன. முன்கூட்டி அளவிடப்பட்ட உளநெருக்கீடு உயர உயர, நோய்த்தொற்றும் தடிமனும் ஏற்படும் வாய்ப்பும் உயர்ந்திருந்தது. 1995இல் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர், மறதிநோயுற்ற உறவினரைப் பராமரிக்கும் பெண்களையும் அத்தகைய சுமையற்ற பெண்களையும் ஒப்பிட்டனர். ஒரே அளவான சிறு காயம் பராமரிப்போரிடத்தில் ஆறுவதற்குச் சராசரியாக 9 நாட்கள் கூடுதலாகத் தேவைப்பட்டன.

2004இல் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு 52 நாடுகளில் முதன்முறை மாரடைப்புக்குள்ளானவர்களை ஆராய்ந்தது. புகைத்தல், உயர் குருதியமுக்கம், நீரிழிவு ஆகியவற்றோடு உளசமூகக் காரணிகளும் மாரடைப்பின் முக்கிய ஆபத்துக் காரணிகளுள் அடங்குவதை அது காட்டியது. இங்கிலாந்தில் 35 வயதும் அதற்கு மேலுமான 68,222 பேரின் தரவுகளைக் கொண்டு 2012இல் வெளியான ஆய்வோ, மருத்துவர் நோயென இனங்காணாத இலேசான உளநெருக்கீடு உடையோரிடத்திலும் மரண ஆபத்து சுமார் 20 சதவீதம் அதிகமாக இருந்ததைக் கண்டது. கடுமையான நிலையில் அது 94 சதவீதமாக உயர்ந்திருந்தது.

இதன் பொறிமுறை ஓரளவு அறியப்பட்டதே. ஆபத்தை உணரும் மூளை, அதிரீனல் சுரப்பிகளைத் தூண்டி அதிரீனலின், கோட்டிசோல் எனும் ஓமோன்களைச் சுரக்கச் செய்கின்றது. இதயம் விரைந்து துடிக்கின்றது. குருதியில் வெல்லம் உயர்கின்றது. சிறிது நேரம் நிகழ்ந்தால் இது உயிர்காக்கும் ஏற்பாடு. மாதக்கணக்கில் நீடிக்குமாயின் குருதியமுக்கம் உயர்கின்றது, நோயெதிர்ப்பாற்றல் சீர்குலைகின்றது. தூக்கமின்மை, புகைத்தல், மருந்தை ஒழுங்காக உட்கொள்ளாமை என்பனவும் இவற்றோடு சேர்ந்துகொள்கின்றன.

இவ்விடத்தில் நிதானமும் அவசியம். தொடர்பு காணப்படுவதனால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. நீரிழிவு, இதயநோய் என்பனவும் மனச்சோர்வைத் தோற்றுவிக்கின்றன. எல்லா நோய்க்கும் மனமே காரணம் என்பதும் தவறு. ஐரோப்பாவில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கி 2013இல் வெளியான ஆய்வு, தொழில்சார் நெருக்கீட்டுக்கும் பொதுவான புற்றுநோய்களுக்கும் இடையே தொடர்பு எதனையும் காணவில்லை. ஆகவே, ‘கவலைப்பட்டே வருத்தத்தைத் தேடிக்கொண்டார்’ என நோயாளியைக் குறைகூறுவதற்கு இவ்வாய்வுகள் ஆதாரமாகா.

நமது கடமை

மகன் இப்ராஹீம் மரணித்தபோது நபி (ஸல்) அவர்கள் கண்ணீர் சிந்தினார்கள். கண்ணீர் பொறுமைக்கு முரணன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை. மருந்தின்றி அல்லாஹ் நோயை இறக்கவில்லை என்ற நபிமொழியின் கருத்து உளநோயையும் உள்ளடக்கும். தொழுகையும் திக்ரும் உள்ளத்திற்கு வலுவூட்டுவன. அவற்றை மருத்துவத்திற்கு எதிராக நிறுத்துவது பொருத்தமற்றது. பிரசவத்தின் பின் காரணமின்றி அழும் தாய்க்கும், இதய சிகிச்சை முடித்து உறக்கமின்றித் தவிக்கும் முதியவருக்கும் துஆவோடு மருத்துவரும் தேவை. அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது தவக்குலுக்கு மாறானதன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு கற்பிக்கப்பட்ட சமூகம் இதனை அறியாததுமன்று.