சந்தாப் புத்தகத்தில் இல்லாத அயலவர்கள்

பண்ணைப் பாலத்தைக் கடந்து அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று ஊர்காவற்றுறை நோக்கிப் போனால் புளியங்கூடல் வரும். அந்தப் பக்கத்தில் கோயில்கள் இருக்கின்றன. நாரந்தனை, கரம்பொன் பக்கம் தேவாலயங்கள் இருக்கின்றன. மண்கும்பானில் பள்ளிவாசல் இருக்கிறது. மூன்று சமயத்தவரும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிறோம், ஒரே பஸ்ஸில் யாழ்ப்பாணம் போகிறோம். ஆனால் அடுத்தவருடைய வணக்கத்தலம் எப்படி நடத்தப்படுகிறது, அங்கே முடிவெடுப்பவர் யார், சேரும் பணம் எங்கே போகிறது என்று கேட்டால் நம்மில் அநேகருக்குப் பதில் தெரியாது.

இக்கட்டுரையில் ஆயர் தலைமையில் இயங்கும் ஒரு திருச்சபையின் பங்கு எப்படி நடக்கிறது என்பதை விளக்க முயல்கிறேன். அவர்களுடைய நம்பிக்கையைப் பற்றி விவாதிப்பது என் நோக்கமில்லை. அதில் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு தெளிவானது. நான் பேச விரும்புவது நிர்வாகத்தையும் அயலவர் உறவையும் பற்றித்தான். அந்த இரண்டிலும் நமது மஹல்லாக்கள் யோசிக்க வேண்டிய விடயம் ஒன்று இருக்கிறது.

ஆயர் என்பதற்குரிய பழைய கிரேக்கச் சொல்லின் பொருள் மேற்பார்வை செய்பவர். அச்சொல்லிலிருந்தே 'எபிஸ்கோப்பல்' என்ற பெயர் வந்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் வழியில் வந்தவர்களை நாம் அங்கிலிக்கன் என்கிறோம். அமெரிக்காவிலும் ஸ்கொட்லாந்திலும் அவர்களுக்குப் பெயர் எபிஸ்கோப்பல் திருச்சபை. யாழ்ப்பாணத்தில் இந்த மரபு 1818இல் நல்லூருக்கு வந்த ஜோசப் நைட் என்ற மிஷனரியோடு தொடங்குகிறது. சுண்டுக்குளி பரி. யோவான் கல்லூரி 1823இல் தொடங்கியதும் அந்த வழியில்தான். 1816இல் வந்த அமெரிக்க மிஷன் வேறு மரபு. அவர்களுக்கு ஆயர் இல்லை. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அவர்கள் அதில் இணைந்து ஆயர் முறையை ஏற்றார்கள். அப்படி உருவான யாழ் ஆதீனத்தின் முதல் பேராயர் சபாபதி குலேந்திரன். தீவகத்தில் ஊர்காவற்றுறைப் பக்கம் நாம் அதிகம் காணும் ஆலயங்கள் கத்தோலிக்கருடையவை. அவர்களுக்கும் ஆயர் உண்டு என்றாலும் அவர்களுடைய நிர்வாக முறை வேறு.

பங்கு என்பதை ஆங்கிலத்தில் 'பாரிஷ்' என்பார்கள். ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள பகுதி அது. நாம் கவனிக்க வேண்டிய விடயம் இங்கேதான் இருக்கிறது. இங்கிலாந்தில் பாரிஷ் என்பது ஆட்களின் பட்டியலாக இருக்கவில்லை. எல்லை குறிக்கப்பட்ட நிலப்பரப்பாக இருந்தது. அந்த எல்லைக்குள் வாழும் எவரும், ஞாயிறு ஆராதனைக்கு வந்தாலும் வராவிட்டாலும், அந்தப் பங்கின் பொறுப்பு. 1601ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம், அந்தந்தப் பகுதியின் வறியவர்களைப் பராமரிக்கும் கடமையைப் பாரிஷ்களிடமே ஒப்படைத்தது. அச்சட்டத்தில் கொடுமைகளும் இருந்தன என்பது வரலாறு. ஆனாலும் எல்லைக்குள் இருப்பவர் எல்லோரும் நம் கணக்கில் வர வேண்டும் என்ற எண்ணம் மட்டும் தங்கிவிட்டது. இன்றைக்கும் இங்கிலாந்தில் ஒரு பாரிஷில் வசிப்பவர், அந்தச் சபையின் உறுப்பினராக இல்லாவிட்டாலும், அதன் ஆலயத்தில் திருமணம் செய்யப் பொதுவாக உரிமை உள்ளவர்.

இனி நிர்வாகம். அமெரிக்க எபிஸ்கோப்பல் பங்கை உதாரணமாக எடுப்போம். ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்கூட்டம் நடக்கும். ஆண்களும் பெண்களும் வாக்களித்து 'வெஸ்ட்ரி' என்ற நிர்வாக சபையைத் தெரிவு செய்வார்கள். அதில் 'வார்டன்' எனப்படும் இரண்டு பொறுப்பாளர்கள் இருப்பார்கள். கட்டடம், காணி, பணம் எல்லாம் அந்தச் சபையின் கையில். தலைமைக் குருவைத் தெரிவு செய்வதும் அவர்களே. அதில் ஆயருக்கும் பங்கு உண்டு. ஆராதனையும் போதனையும் குருவின் பொறுப்பு. வரவு செலவு ஒவ்வோர் ஆண்டும் எல்லோர் முன்னிலையிலும் வைக்கப்படும். இலங்கையின் அங்கிலிக்கன் பங்குகளிலும் வார்டன்களும் ஆண்டுப் பொதுக்கூட்டமும் உண்டு. 1876இல் இங்கிலாந்தில் மேரி சம்னர் என்ற பெண்மணி தொடங்கிய தாய்மார் சங்கம் இங்கும் இயங்குகிறது. எந்த வீட்டில் நோயாளி இருக்கிறார், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை முதலில் அறிவது பெண்கள்தான். அந்த அறிவு நிர்வாகத்துக்குப் போய்ச் சேர அங்கே ஒரு வழி இருக்கிறது.

அடுத்தது, சபைக்கு வெளியே இருப்பவர்களுக்குச் செய்யும் சேவை. உணவுப் பொதி, இலவச மருத்துவம், மாலை வகுப்பு, முதியவர் வீட்டுக்குப் போய் வருவது என்று அது பல வகைப்படும். இதைக் கேட்டவுடன் நமக்கு ஒரு சந்தேகம் எழும்: இது மதம் மாற்றும் வேலை அல்லவா?

அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் மிஷன் பாடசாலைகளில் பைபிள் பாடம் சேர்ந்தே வந்தது. கல்வி வேண்டுமானால் அதையும் கேட்க வேண்டியிருந்தது. மெதடிஸ்த மிஷன் பாடசாலையில் படித்து அங்கேயே கற்பித்த ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கியது அதற்கான பதில்தான். நமது முன்னோரோ பிள்ளைகளை அந்தப் பாடசாலைகளுக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார்கள். ஈமான் காக்கப்பட்டது, ஆனால் கல்வி பின்தங்கியது. அந்த இழப்பை உணர்ந்துதான் அறிஞர் சித்தி லெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1892இல் கொழும்பு மருதானையில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த நிறுவனம் உருவாகவும் உழைத்தார்.

அதே மிஷன் வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் வைத்தியம் பார்த்தார். ஆங்கில வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார். அவரும் மிஷனரிதான், தன் மார்க்கம் பரவ வேண்டும் என்றே வந்தார். ஆனால் அவர் கற்பித்த வைத்தியமும் உருவாக்கிய தமிழ்ச் சொற்களும் எல்லோருக்கும் பயன்பட்டன.

ஆகவே சேவையை எடைபோட ஓர் எளிய அளவுகோல் வேண்டும். உதவி பெறுபவர் அதற்காக எதையாவது கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா, எதிலாவது கையொப்பமிட வேண்டுமா, எங்காவது வர வேண்டுமா? ஆம் என்றால் அதற்கு வியாபாரம் என்று பெயர். இல்லை என்றால் அது சேவை. இந்த அளவுகோல் நமக்கும் பொருந்தும். வெள்ள நிவாரணப் பொதிக்குள் மார்க்கப் பிரசுரத்தைச் சொருகி அயலவருக்குக் கொடுத்தால், அன்று மிஷன் பாடசாலையைப் பார்த்து நம் முன்னோர் பட்ட அதே சந்தேகத்தை நாமே இன்னொருவர் மனதில் விதைக்கிறோம்.

எதையும் எதிர்பாராத சேவைக்கு ஓர் உதாரணம். ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரில் புனித யோவான் எபிஸ்கோப்பல் ஆலயம் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே ஒரு பள்ளிவாசல். இடம் போதாமல் நம் சகோதரர்கள் வெளியே, கடுங்குளிரில் நின்று தொழுதார்கள். அப்போது அந்த ஆலயத்தின் குருவாக இருந்தவர் தென்னிந்தியாவிலிருந்து போன ஐசக் பூபாலன். தன் ஆலயக் கட்டடத்தின் ஒரு பகுதியைத் தொழுகைக்குத் திறந்துவிடலாம் என்றார். இது நமது பிரச்சினை இல்லையே என்ற தயக்கம் முதலில் அவருடைய சபைக்குள்ளேயே இருந்தது. பேசி, இணங்கி, திறந்தார்கள். 2013இல் இது உலகச் செய்தியானது. அங்கே எவரும் மதம் மாறவில்லை, மாறும்படி எவரும் கேட்கவுமில்லை. குளிரில் நிற்பவர் தம் எல்லைக்குள் நிற்பவர் என்று ஒரு பங்கு எண்ணியது, அவ்வளவுதான்.

2014 நவம்பர் 14 அன்று வொஷிங்டனில் உள்ள எபிஸ்கோப்பல் தேசிய பேராலயத்தில் ஜும்ஆத் தொழுகை நடந்தது. ஒரு பெண் எழுந்து எதிர்ப்புக் குரல் எழுப்பினார். அவரை வெளியே அழைத்துச் சென்றார்கள், தொழுகை தொடர்ந்தது. வேற்று வணக்கத்தலத்தில் தொழுவது பற்றி நம் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்தச் சட்டப் பிரச்சினைக்குள் நான் போகவில்லை. கதவைத் திறந்தவர்களின் மனதை மட்டும் கவனியுங்கள்.

இப்போது நம் பக்கம் பார்ப்போம். மஹல்லா என்ற அரபுச் சொல்லும் ஓர் இடத்தைத்தான் குறிக்கிறது. அதாவது மஹல்லாவும் பாரிஷைப் போல நிலப்பரப்புதான். ஆனால் நடைமுறையில் அது சந்தாப் புத்தகமாகச் சுருங்கிவிட்டது. சந்தா கட்டுபவர் ஜமாஅத்தைச் சேர்ந்தவர். கட்ட முடியாத ஏழை முஸ்லிம் சில இடங்களில் அரை உறுப்பினர். பள்ளிவாசல் மதிலுக்கு அப்பால் வாழும் தமிழ்க் குடும்பம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

மார்க்கம் நமக்குக் கற்றுத்தந்தது இதுவல்ல. அந்நிஸா அத்தியாயத்தின் 36ஆம் வசனம் உறவினரான அயலவருக்கும் அந்நியரான அயலவருக்கும் நன்மை செய்யச் சொல்கிறது. நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களின் வீட்டில் ஓர் ஆடு அறுக்கப்பட்டபோது, யூதரான நம் அயலவருக்குக் கொடுத்தீர்களா என்றுதான் அவர் கேட்டார். அயலவரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) விடாமல் வலியுறுத்தியதால் அவரை வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணியதை அதற்குக் காரணமாகச் சொன்னார். அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்களில் இது பதிவாகியிருக்கிறது. ஸகாத் எட்டுக் கூட்டத்தாருக்குரியது. அதை முஸ்லிம் ஏழைகளுக்கே கொடுக்க வேண்டும் என்பது பெரும்பாலான இமாம்களின் கருத்து. ஸதகாவுக்கு அந்த வரையறை கிடையாது.

வடக்கு முஸ்லிம்களுக்கு இது வெறும் நல்லொழுக்கப் பாடம் மட்டுமல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ் சோனகத் தெரு மக்களுக்குக் கிடைத்தது சில மணி நேரம். மீளக் குடியேற வந்தவர்கள் சிலரே. 2019 ஏப்ரல் 21 அன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலுமாக 250க்கும் மேற்பட்டோரைக் கொன்ற குண்டுகள் நம் பெயரால் வெடித்தன. அதன் பின் நாம் யார் என்பதை ஒவ்வோர் ஊரிலும் விளக்க வேண்டியதாயிற்று. அந்த விளக்கத்தை அறிக்கைகளால் கொடுக்க முடியாது. முன்பே நம் வீட்டுக் கஞ்சியைக் குடித்த அயலவர் கொடுக்கும் சாட்சிதான் எடுபடும். ஆள் குறைந்து, பல வீடுகள் பூட்டிக் கிடக்கும் தீவகத்தில் இது இன்னும் உண்மை. அங்கே ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கு இரவில் ஆபத்து என்றால் ஓடி வரக்கூடியவர் பக்கத்து வீட்டு இந்துவோ கிறிஸ்தவரோதான்.

என்ன செய்யலாம்? பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. முதலாவது, பள்ளி நிர்வாகம் தன் மஹல்லாவின் வீடுகளை மீண்டும் ஒருமுறை எண்ணட்டும். இம்முறை எல்லா வீடுகளையும் எண்ணட்டும். தனியே இருக்கும் முதியவர், விதவை, நடக்க இயலாதவர் எந்தச் சமயத்தவராயினும் குறித்துக்கொள்ளட்டும். தகவலைப் பெண்களிடம் கேட்கட்டும். இரண்டாவது, ஸதகாவில் ஒரு சிறு பங்கை அயலவர் நிதியாக ஒதுக்கட்டும். தீவகத்தில் நல்ல தண்ணீரின் பெறுமதி எல்லோருக்கும் தெரியும். வரட்சி மாதத்தில் ஒரு பவுசர் தண்ணீரைப் பிரசுரமும் பதாகையும் படப்பிடிப்பும் இல்லாமல் வீதி முழுவதற்கும் கொடுத்தால் போதும். மூன்றாவது, ஆண்டுக்கு ஒருமுறை கணக்கைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டம் நம்பிக்கையாளர்களிடம் கணக்குக் கேட்கிறது. திணைக்களத்துக்குக் காட்டும் கணக்கை ஜமாஅத்துக்கும் காட்டுவதில் நட்டம் ஒன்றும் இல்லை. கணக்குத் தெளிவாக இருந்தால்தான் அயலவருக்குச் செலவிடுவதை ஜமாஅத்தும் மனமுவந்து ஏற்கும்.

இவற்றில் எதையும் நாம் பிறரிடமிருந்து இரவல் வாங்கத் தேவையில்லை. எல்லாம் நம் மார்க்கத்திலேயே இருக்கின்றன. தேவாலயத்தின் பங்கு முறையைப் பார்க்கும்போது நாம் மறந்துபோன ஒன்று நினைவுக்கு வருகிறது, அவ்வளவே. அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து, நமது பள்ளிவாசலைச் சுற்றி மொத்தம் எத்தனை வீடுகள், அவற்றில் எத்தனை வீட்டாரை நமக்குத் தெரியும் என்று கேட்கட்டும். அதற்குப் பதில் தேடிப் புறப்படுவதே போதுமான தொடக்கம். அல்லாஹ் நம் அயலவருக்கு நம்மை நல்லவர்களாக ஆக்கி வைப்பானாக.