காருக்குள் ஓடும் நரம்புகள்!

மனிதன் உடம்பில் நரம்புகள் ஓடுகின்றன. காருக்குள்ளும் நரம்புகள் ஓடுகின்றன. அவைதான் மின்சார ஒயர்கள்!

இந்தக் காலத்துக் கார் ஒன்றில் உள்ள ஒயர்களை ஒன்றோடு ஒன்று முடிந்து நீட்டினால், ஒரு கிலோ மீட்டருக்கு மேல் போகும்.

எல்லா ஒயரும் ஒரே ரகம் அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு.

தடித்த ஒயர்

பாட்டரியில் இருந்து புறப்படும் ஒயர் மிகவும் தடிப்பாக இருக்கும். என்ஜினைச் சுழற்றி விடும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு இது போகிறது. சாவியைத் திருப்பியதும் 100 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் இதில் பாயும்.

பல கார்களில் இந்த ஒயருக்குப் பியூஸ் கிடையாது. ஆகவே, இது இரும்பில் உரசித் தோல் கிழிந்தால் ஆபத்து!

ஒரு கம்பி போதும்

வீட்டு விளக்குக்கு இரண்டு கம்பி வேண்டும். கார் விளக்குக்குப் பெரும்பாலும் ஒன்றே போதும். ஏன் தெரியுமா?

காரின் இரும்பு உடலே இரண்டாவது கம்பி! விளக்கை எரித்த மின்சாரம் அதன் வழியாகப் பாட்டரிக்குத் திரும்பி விடுகிறது. இதை மெக்கானிக்குகள் "எர்த்" என்று சொல்வார்கள். எர்த் பிடித்த இடம் துருப்பிடித்தால், விளக்கு மங்கி விடும்.

பாட்டரியின் சக்தி 12 வோல்ட்தான். அதனால் மின்சாரம் அதிகமாக ஓட வேண்டும். 55 வாட் விளக்கு இரண்டு எரிய, சுமார் 9 ஆம்பியர் தேவை. வீட்டில் 230 வோல்ட்டில் அதே வெளிச்சத்துக்கு அரை ஆம்பியர்கூட வேண்டாம்.

கார் ஓடும்போது குலுங்கும். ஒற்றைக் கம்பியாக இருந்தால் ஒடிந்து போகும். ஆகவே, மெல்லிய செம்பு இழைகள் பலவற்றைச் சேர்த்து ஒயர் செய்கிறார்கள்.

20 ஆயிரம் வோல்ட்!

பெட்ரோல் என்ஜினில் நெருப்புப் பொறி பறக்க வேண்டும். அதற்கு 12 வோல்ட் போதாது. "காயில்" என்ற கருவி அதை 20 ஆயிரம் வோல்ட் அளவுக்கு உயர்த்துகிறது. அதைப் பிளக்குக்குக் கொண்டு போகும் ஒயருக்குத் தடித்த ரப்பர் உறை போட்டிருக்கும்.

புதிய கார்கள் பலவற்றில் பிளக்கின் தலையிலேயே காயில் உட்கார்ந்து விட்டது. அங்கே இந்த ஒயருக்கு வேலை இல்லை.

சேதி சொல்லும் ஒயர்

சடைபோல முறுக்கிய இரண்டு மெல்லிய ஒயர்களும் உண்டு. இவை விளக்கை எரிப்பது இல்லை. காரின் ஒரு பகுதியில் இருந்து இன்னொரு பகுதிக்குச் சேதி கொண்டு போகின்றன! ஜெர்மனியைச் சேர்ந்த பாஷ் கம்பெனி 1986-ல் இந்த முறையை வெளியிட்டது.

ஆரஞ்சு நிறமா? தொடாதே!

மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிறத்தில் தடித்த ஒயர் இருக்கும். அதில் பல நூறு வோல்ட் ஓடுகிறது. அது உயிரைக் குடிக்கும்! பயிற்சி பெற்றவர் தவிர வேறு யாரும் தொடக்கூடாது.

காவல்காரன்

ஒயர்களைக் காப்பது பியூஸ். மின்சாரம் அளவுக்கு மீறினால், பியூஸ் உருகி ஒயரைக் காப்பாற்றும்.

இப்போதைய பியூஸ்களில் சிவப்பு 10 ஆம்பியர். நீலம் 15. மஞ்சள் 20. பச்சை 30.

சிகப்பு போனால் சிகப்பே போட வேண்டும். சிலர் பச்சையைச் சொருகுகிறார்கள். சிலர் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைக்கிறார்கள். அப்புறம் பியூஸ் உருகாது, ஒயர் உருகும். காரே தீப்பிடிக்கும்!

பியூஸின் விலை சில ரூபாய்தான். காருக்குள் இருப்பதோ ஒரு குடும்பம்!

போகும் வழியில் ஒயர் கருகும் வாடை அடித்தால், உடனே ஓரமாக நிறுத்துங்கள். சாவியை அணையுங்கள். குழந்தைகளை முதலில் இறக்குங்கள். எல்லோரும் தள்ளி நில்லுங்கள். புகை வரும்போது என்ஜின் மூடியைத் திறக்காதீர்கள்.

புது ஹாரன், புது விளக்கு மாட்ட ஆசையா? பழைய ஒயரைச் சுரண்டி முடிச்சுப் போட விடாதீர்கள். தனி ஒயரும் தனி பியூஸும் போடச் சொல்லுங்கள்.