ஒரு மணி நேரத்தில் எத்தனை மணி?

கண்ணாடி என்றால் வட இந்தியாவில் குடியேறிவிட்ட நமக்கு உடனே நினைவுக்கு வருவது ஃபிரோஸாபாத் வளையல்தான். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நாத்தனாருக்கும் மன்னிக்கும் டஜன் கணக்கில் வாங்கிப் போகாதவர்கள் நம்மில் குறைவு. ஆனால் அதே உத்தரப் பிரதேசத்தில், ஹாத்ரஸ் மாவட்டத்தில் இருக்கும் புர்தில்நகரைக் கேள்விப்பட்டவர்கள் சிலரே. கண்ணாடி மணிகளுக்குப் பெயர்போன சிற்றூர் அது. நம் வீட்டுப் பெண்களின் கழுத்திலும் கார் சாவிக் கொத்திலும் தொங்கும் மணிகளில் எத்தனையோ அங்கிருந்து வந்தவை.

நான் தில்லியில் கண்ணாடி மணிகள் செய்து கைவினைச் சந்தைகளில் விற்று வருகிறேன். ஒன்பது வருடங்கள் ஆகின்றன. நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் ஸ்டால் போட்டபோது வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். "நிஜமாகவே நீங்கள் செய்ததா மாமி?" என்பது ஒன்று. "ஏன் இவ்வளவு விலை?" என்பது மற்றொன்று. ஸ்டாலில் கூட்டத்துக்கு நடுவில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. "அப்படியானால் எழுதிக் கொடுங்கள்" என்றார் ஆசிரியர். இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான் என்பதால் இந்த ஒரு கட்டுரை போதும் என்று நினைக்கிறேன்.

சுடரில் சுற்றும் வேலை

முற்காலத்தில் எண்ணெய் விளக்கின் சுடரைத் துருத்தியால் ஊதிக் கூர்மையாக்கி, அதில் கண்ணாடியை உருக்கினார்கள். இன்று சமையல் வாயுவும் ஆக்ஸிஜனும் கலந்த டார்ச் வந்துவிட்டது. வேலை மட்டும் அதேதான்.

பென்சில் கனத்தில் கண்ணாடிக் குச்சிகள் கிடைக்கும். கோபால்ட் கலந்தால் நீலம், செம்பு கலந்தால் மயில்கழுத்து வண்ணம், மாங்கனீஸ் கலந்தால் ஊதா. இளஞ்சிவப்பில் ஒரு வகைக்குத் தங்கமே சேர்க்க வேண்டும். அதனால்தான் அந்தக் குச்சிக்கு மட்டும் விலை அதிகம். குச்சியை எடுத்த எடுப்பில் சுடருக்குள் நீட்டினால் பட்டென்று வெடித்துத் தெறிக்கும். முதலில் சுடரின் ஓரத்தில் காட்டிச் சூடேற்றி, மெதுவாக உள்ளே கொண்டுபோக வேண்டும். சற்று நேரத்தில் நுனி தேன் பதத்துக்கு வந்து தொங்கும்.

இடது கையில் ஒரு எஃகுக் கம்பி. அதன் மேல் சீனக்களிமண்ணும் அலுமினாவும் கலந்த பூச்சு பூசி முன்னமே உலர்த்தியிருக்கும். கம்பி இலேசாகச் சிவந்ததும், உருகிய கண்ணாடியை அதன் மேல் தொட்டுச் சுற்றிக்கொண்டே வர வேண்டும். கையை ஒரு நொடி நிறுத்தினாலும் மணி ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். உருண்டையாக்குவது அச்சும் இல்லை, கத்தியும் இல்லை. கை நிதானமாகச் சுழற்றிக்கொண்டிருந்தால் கண்ணாடி தானே உருண்டு கொள்ளும். அதன் பிறகு மெல்லிய கண்ணாடி இழைகளால் புள்ளி வைக்கலாம், கொடி வரையலாம், பூ போடலாம். கோலம் போடத் தெரிந்த கைக்கு இது சீக்கிரம் பிடிபடும்!

சுடரில் கண்ணாடியைக் காட்டினால் அதிலுள்ள சோடியம் பளிச்சென்று மஞ்சளாக எரியும். அந்த ஒளியில் மணியே கண்ணுக்குத் தெரியாது. அதை வடிகட்ட டிடிமியம் என்ற தனிவகைக் கண்ணாடி போட்ட மூக்குக்கண்ணாடி வேண்டும்.

மணி செய்து முடித்ததும் வேலை முடியவில்லை. சட்டென்று ஆறினால் வெளிப்புறம் முதலில் இறுகி, உள்ளே இழுவிசை தங்கிவிடும். அப்படிப்பட்ட மணி அன்றைக்கே விரிசல் விடலாம். வாங்கியவர் கழுத்தில் ஆறு மாதம் கழித்தும் உடையலாம். ஆகவே சிறு மின் உலையில் சுமார் 510 டிகிரி செல்சியஸில் வைத்திருந்து, பிறகு பல மணி நேரம் மெல்ல மெல்ல ஆற விட வேண்டும். மறுநாள் காலையில்தான் திறந்து பார்ப்பேன். அதன்பின் கம்பியிலிருந்து உருவி, துளைக்குள் ஒட்டிய பூச்சைத் தண்ணீருக்குள் வைத்தே தேய்த்து எடுக்க வேண்டும். உலர்ந்த தூளைச் சுவாசித்தால் நுரையீரலுக்கு ஆகாது.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. சூட்டில் ஒரே அளவாக விரியாத இரு வகைக் கண்ணாடிகளை ஒரே மணியில் கலக்கக் கூடாது. உடைந்த வளையல் துண்டு அழகாக இருக்கிறதே என்று இத்தாலியக் குச்சியோடு சேர்த்தால், ஆறும்போது இரண்டும் பிரிந்து கொள்ளும்.

சாச்சாவின் வீட்டில்

நான் இதைக் கற்றுக்கொண்டது புர்தில்நகரில். அலிகார் போய், அங்கிருந்து ஜி.டி. சாலையில் சிகந்தரா ராவ் வழியாகப் போக வேண்டும். என் குருநாதருக்கு எழுபது வயதிருக்கும். எல்லோருக்கும் அவர் சாச்சா. என்னை 'பிட்டியா' என்று கூப்பிடுவார். நான் ஒரு மணி செய்வதற்குள் அவர் ஒரே கம்பியில் வரிசையாக ஐந்தாறு மணிகள் சுற்றிவிடுவார். அளவுகோல் வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது.

அவருக்குக் கூலி எண்ணிக்கைக் கணக்கு. அவரிடமிருந்து வாங்கும் வியாபாரி அதைக் கிலோ கணக்கில் மேலே விற்கிறார். எண்ணிக்கைக் கணக்கு என்றால் என்ன ஆகும்? பூப்போட்ட மணிக்கு மூன்று மடங்கு நேரம் பிடிக்கும், கூலியோ கொஞ்சம்தான் கூடும். ஆகவே பூப்போடுவதை விட்டுவிட்டு வெறும் மணியாகவே சுற்றுவதுதான் அவருக்குக் கட்டுபடியாகும். தெரிந்த வித்தை கையிலேயே இருக்க, அதைச் செய்ய நேரமில்லை. அவருடைய மூத்த பிள்ளை மின்சார ரிக்ஷா ஓட்டுகிறான். "அதில் மாலையில் கையில் காசு வந்துவிடுகிறது, நான் எப்படி வேண்டாம் என்பேன்?" என்று சாச்சா என்னிடம் கேட்டார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சாச்சாவின் மகளுக்கு அப்பாவின் கை அப்படியே வந்திருக்கிறது. அவள் இந்தத் தொழிலில் நிற்பாளா என்பது, ஒரு மணிக்கு நாம் என்ன விலை கொடுக்கத் தயாராக இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

நம்ம ஊர் மணியா?

ஸ்டாலுக்கு வரும் நம்மவர்கள் பெருமையோடு சொல்வதுண்டு: "இதெல்லாம் நம் அரிக்கமேட்டிலேயே செய்தாயிற்று!" உண்மைதான். புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள அரிக்கமேட்டில் 1945-ல் மார்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மீண்டும் தோண்டினார்கள். கண்ணாடி மணிகள் அங்கே ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. அந்த வகைச் சிறு மணிகள் கிழக்கே தென்கிழக்கு ஆசியாவிலிருந்து மேற்கே ஆப்பிரிக்கக் கரை வரை கிடைக்கின்றன. 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் அவற்றுக்குப் பெயர் வைத்தார்.

ஆனால் முறை வேறு. அரிக்கமேட்டு முறையில் உருகிய கண்ணாடியைக் குழலாக நீளமாய் இழுத்து, பிறகு அதைத் துண்டு துண்டாக நறுக்குவார்கள். ஒரு இழுப்பில் ஆயிரக்கணக்கான மணிகள் கிடைக்கும். ஆந்திராவில் பாப்பாநாயுடுபேட்டையில் இந்த முறை தொடர்ந்து வந்ததை 1980-களில் ஆய்வாளர்கள் நேரில் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். சுடரில் செய்வதில் ஒவ்வொரு மணியையும் தனித்தனியாகச் சுற்ற வேண்டும். ஆக, இரண்டும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். குழந்தைக்குத் திருஷ்டிக்குக் கட்டும் கருமணியும், நரிக்குறவர்கள் கோத்து விற்கும் பாசிமணியும் பார்த்து வளர்ந்த நமக்கு எந்த மணியும் அந்நியமில்லை.

சந்தையில் நிற்கும்போது

தில்லியில் கைவினைப் பொருட்களுக்கு இடங்கள் உண்டு. 1994-ல் திறந்த தில்லி ஹாட்டில், அரசின் கைவினைஞர் அடையாள அட்டை உள்ளவர்களுக்குச் சுழற்சி முறையில் ஸ்டால் கிடைக்கும். ஃபரீதாபாத் பக்கத்தில் 1987 முதல் நடக்கும் சூரஜ்குண்ட் மேளா இருக்கிறது. கொரோனாவால் 2021-ல் அது நடக்கவில்லை. அந்த வருடம் பல கைவினைஞர்கள் சரக்கை வீட்டில் வைத்துக்கொண்டு தவித்தார்கள். இவை தவிர குடியிருப்புச் சங்கங்களும் பள்ளிகளும் நடத்தும் தீபாவளிச் சந்தைகள்.

எங்கே நின்றாலும் ஒரு வசனம் மாறாது. "சதர் பஜாரில் முப்பது ரூபாய்க்கு முழு மாலையே கிடைக்கிறதே!" கிடைக்கிறது, மறுக்கவில்லை. அது இயந்திர அச்சில் அழுத்தியதாக இருக்கும், அல்லது சாச்சா போன்ற ஒருவர் எண்ணிக்கைக் கணக்கில் சுற்றியதாக இருக்கும்.

என் கணக்கைச் சொல்கிறேன். பூப்போட்ட மணி ஒன்றுக்குச் சுடரில் மட்டும் இருபது நிமிடம். ஒரு மணி நேரத்தில் மூன்று மணிகள்! கம்பிக்குப் பூச்சு பூசுவது, துளையைச் சுத்தம் செய்வது, கோப்பது எல்லாம் சேர்த்தால் மூன்று மணிக்கு ஒன்றரை மணி நேரம். ஒன்றை 120 ரூபாய்க்கு விற்றால் 360 ரூபாய். வீட்டுச் சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதால் 19 கிலோ வணிகச் சிலிண்டர் வாங்குகிறேன். அதுவும், ஆக்ஸிஜன் இயந்திரத்துக்கும் உலைக்கும் மின்சாரமும், குச்சியும், ஸ்டால் வாடகையும், உடைந்து போவதும் கழித்தால் கையில் நிற்பது 200 ரூபாய். வீட்டு மின்விசிறியைப் பார்க்க எலக்ட்ரீஷியன் படியேறி வந்தாலே அதற்கு மேல் ஆகிறது.

நாலு வருடத்துக்கு முன் மொத்த வியாபாரி ஒருவர் ஸ்டாலுக்கு வந்தார். என் மணிகளைப் போலவே அச்சில் வார்த்த மணிகளைக் காட்டினார். விலை பத்தில் ஒரு பங்கு. "உங்கள் மணிகளோடு கலந்து வையுங்கள், யாருக்குத் தெரியப் போகிறது?" என்றார். நியாயமான கேள்விதான். வாங்குபவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு வித்தியாசம் தெரியாது. அந்தச் சந்தையில் வாடகை கூட வராமல் நான் நின்றிருந்த மூன்றாவது நாள் அது.

வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். இது வீரம் ஒன்றுமில்லை. கலந்து வைத்த மறு நிமிடம், என் விலைக்கு நான் சொல்லும் காரணம் பொய்யாகிவிடும். சாச்சாவின் மணிக்கும் பொய்யாகிவிடும். அதற்குப் பதிலாக ஸ்டாலில் இரண்டு தட்டுகள் வைத்தேன். ஒன்றில் 'நான் செய்தவை'. மற்றொன்றில் 'புர்தில்நகரில் செய்தவை'. சாச்சாவிடமும் அவர் மகளிடமும் பூப்போட்ட மணிகளை, எண்ணிக்கையோடு நேரத்தையும் கணக்குப் பார்த்து, மூன்று மடங்கு கூலிக்கு வாங்குகிறேன். இரண்டாவது தட்டுதான் இப்போது சீக்கிரம் காலியாகிறது. சிஷ்யை மணியை விட குருவின் மணி நன்றாக இருப்பதில் ஆச்சரியம் என்ன!

பார்த்து வாங்குவது எப்படி?

கையால் சுற்றிய மணியை அடையாளம் காண்பது கடினமில்லை. வாசக சகோதரிகள் அடுத்த மேளாவுக்குப் போகும்போது இவற்றைக் கவனியுங்கள்.

முதலில் துளையைப் பாருங்கள். நன்றாகச் சுற்றிய மணியில் துளையின் இரு வாய்களும் தொப்புள் போல உள்ளே குழிந்து வழுவழுப்பாக இருக்கும். வாய் கூராக இருந்தால் நூலை அறுத்துவிடும். துளைக்குள் வெள்ளையாகத் தூள் ஒட்டியிருந்தால், கம்பியில் சுற்றியது என்று தெரியும். ஆனால் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்றும் தெரியும். மணியைச் சுற்றி இடுப்புக்கயிறு போல ஒரு மெல்லிய கோடு ஓடினால் அது அச்சில் அழுத்தியது. பிளாஸ்டிக்கா என்று சந்தேகம் வந்தால் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், கண்ணாடி ஜில்லென்று இருக்கும், கனமாகவும் இருக்கும். ஒரு ஜோடித் தோட்டில் இரண்டு பூவும் மயிரிழை கூட மாறாமல் இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

கடைசியாக, விற்பவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். "இதை யார் செய்தது? உலையில் ஆற வைத்ததா?" தானே செய்தவர் சந்தோஷமாகப் பத்து நிமிடம் பேசுவார். வாங்கி விற்பவர் நேர்மையானவராக இருந்தால் ஊர் பெயரைச் சொல்வார். பேச்சை மாற்றினால் உங்களுக்கே புரிந்துவிடும்.

பேரம் பேசக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அது நம் பிறப்புரிமை! ஆனால் விலையைக் குறைக்கச் சொல்வதற்கு முன்னால் அந்த இருபது நிமிடத்தை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சு மணியை அச்சு மணி என்று சொல்லி விற்பதில் தவறே இல்லை, அதற்கும் உபயோகம் உண்டு. இரண்டும் ஒரே தட்டில் ஒரே பெயரில் கிடந்தால்தான் சாச்சாவின் மகள் போன்றவர்கள் தோற்றுப் போகிறார்கள். யார் செய்தது என்று கேட்கும் வாடிக்கையாளர் பத்துப் பேர் இருந்தால், அவள் கையிலிருக்கும் கம்பி இன்னும் கொஞ்ச காலம் சுழன்றுகொண்டிருக்கும்.