ஜிம்முக்குப் போகும் முன் ஈசிஜி எடுக்க வேண்டுமா? யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை?

ஜனவரி பிறந்துவிட்டால் தி.நகரிலும் அடையாறிலும் ஜிம்களில் புது முகங்கள் கூடிவிடும். ஆண்டுச் சந்தா சலுகையைப் பார்த்துப் பணம் கட்டியவர்கள், மாரத்தானுக்குப் பெயர் கொடுத்த ஆபீஸ் நண்பர்களைப் பார்த்து ஷூ வாங்கியவர்கள், ‘சுகர் பார்டர்ல இருக்கு’ என்று டாக்டர் சொன்னதும் மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு நடக்க வந்தவர்கள் எனப் பல ரகம். ஆனால் பலருக்கும் ஒரே சந்தேகம்: “நாப்பது தாண்டிடுச்சு. எதுக்கும் ஹார்ட்டை ஒரு தடவை செக் பண்ணிட்டு ஆரம்பிக்கலாமா?”

சுருக்கமான பதில்: நடைப்பயிற்சி தொடங்கப் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு இது தேவையில்லை. சிலருக்குக் கட்டாயம் தேவை. அந்தச் சிலரில் நீங்களும் ஒருவரா என்று கண்டுபிடிக்க முதலில் வேண்டியது ஈசிஜி மெஷின் அல்ல, சில கேள்விகள்தான்.

இந்தப் பயம் எப்போது வந்தது?

2021 அக்டோபர் 29. கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் பெங்களூருவில் உடற்பயிற்சிக்குப் பிறகு நெஞ்சில் அசௌகரியம் என்று குடும்ப மருத்துவரிடம் போனார். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு அவர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். காப்பாற்ற முடியவில்லை. வயது 46. சென்னையில் பிறந்தவர், உடலைப் பேணுவதில் பெயர் வாங்கியவர். அடுத்த சில நாட்களில் பெங்களூரு ஜெயதேவா இதய மருத்துவமனையில் ‘எனக்கும் பார்த்துச் சொல்லுங்க’ என்று கூட்டம் மோதியது. மறு ஆண்டு ஆகஸ்டில் நகைச்சுவைக் கலைஞர் ராஜு ஸ்ரீவஸ்தவா டெல்லி ஜிம் ஒன்றில் மயங்கி விழுந்து, செப்டம்பரில் இறந்தார்.

இந்தச் செய்திகளைப் படித்தவர்கள் இரண்டு முடிவுக்கு வந்தார்கள். சிலர் ‘நமக்கு எதுக்கு வம்பு’ என்று உடற்பயிற்சியையே விட்டுவிட்டார்கள். வேறு சிலர் ஓர் ஈசிஜி எடுத்து, ‘நார்மல்’ என்று எழுதிய காகிதத்தை வாங்கிக்கொண்டு, முதல் வாரமே எடை தூக்க இறங்கினார்கள். இரண்டுமே தப்புக் கணக்கு.

ஆபத்து உடற்பயிற்சியிலா, அதன் வேகத்திலா?

35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உடற்பயிற்சியின்போது வரும் திடீர் மரணங்களுக்குப் பெரும்பாலும் காரணம், இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் பல வருடங்களாகச் சேர்ந்த கொழுப்புப் படிவு. கடுமையாக மூச்சு வாங்கும்போது ரத்த அழுத்தமும் துடிப்பும் எகிறும். அந்த அழுத்தத்தில் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, குழாய் அடைபடும். 35-க்குக் கீழே கதை வேறு. இதயத் தசை பிறவியிலேயே தடித்திருப்பது, மின்துடிப்புக் கோளாறு, ரத்தக் குழாய் தவறான இடத்திலிருந்து கிளம்புவது போன்றவை முன்னால் வருகின்றன.

1993-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. கடும் உழைப்புக்குப் பிந்தைய ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தார்கள். வாரம் ஐந்து நாளாவது உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு அது 2.4 மடங்கு. வாரத்துக்கு ஒருமுறைகூடச் செய்யாதவர்களுக்கு 107 மடங்கு! அந்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் அடிப்படை வாய்ப்பே மிக மிகச் சிறியது என்பதால் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். ஆனால் அது சொல்லும் விஷயம் தெளிவு. பழகாத உடம்பு திடீரென்று பாய்வதில்தான் ஆபத்து. அதைக் குறைப்பதும் தொடர்ந்து செய்கிற பயிற்சிதான்.

நம் ஊர் ஆய்வு ஒன்றும் இதையொட்டியே பேசுகிறது. சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் தலைமையில், 18 முதல் 45 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென இறந்த 729 பேரின் விவரங்களை 2,916 பேருடன் ஒப்பிட்டு 2023-ல் முடிவு வெளியிட்டார்கள். குடும்பத்தில் யாராவது திடீரென இறந்திருப்பது, கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்தது, இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவு மீறிய குடி, அதே 48 மணி நேரத்தில் கடுமையான உடலுழைப்பு ஆகியவை ஆபத்தோடு தொடர்புடையவையாகத் தெரிந்தன. வாட்ஸ்அப்பில் எல்லாரும் கைகாட்டிய தடுப்பூசி, ஆபத்தைக் கூட்டவில்லை.

சரி, யார் கட்டாயம் டாக்டரைப் பார்க்க வேண்டும்?

கனடாவில் 1970-களில் ஏழே கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தயாரித்தார்கள். திருத்தப்பட்ட வடிவில் இன்றும் உலகம் முழுக்கப் புழங்குகிறது. உங்களுக்கு இதயக் கோளாறு என்று எப்போதாவது டாக்டர் சொன்னாரா? உழைக்கும்போது நெஞ்சு வலிக்கிறதா? சும்மா இருக்கும்போதும் வலித்ததா? தலைசுற்றி விழுந்ததுண்டா? பிபி, இதய மாத்திரை சாப்பிடுகிறீர்களா? இப்படித்தான் போகும். ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் முதலில் டாக்டர், பிறகுதான் ஜிம். ஜிம்மில் சேரும்போது இந்தக் கேள்விகளைக் கேட்காமல் ஜிபே நம்பரை மட்டும் கேட்டால், நீங்களாகவே ஒரு தாளில் எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2015-ல் தன் விதிகளைத் தளர்த்தியது. எந்த நோயும் அறிகுறியும் இல்லாதவர் மிதமான வேகத்தில் தொடங்குவதற்கு மருத்துவச் சான்று தேவையில்லை. சர்க்கரை, சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்கள் அறிகுறி இல்லாவிட்டாலும் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இங்கேதான் நாம் கொஞ்சம் உஷாராக வேண்டும். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்றவர்களுக்குக் கிட்டத்தட்ட 59. கோபாலபுரத்தில் இருக்கும் மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அமைப்பு முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வில், 100 பேரில் 11 பேருக்கு மேல் சர்க்கரை நோய், 35 பேருக்கு மேல் ரத்தக் கொதிப்பு. இதில் பலருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. எனவே ‘எனக்கு ஒண்ணும் இல்ல’ என்று சொல்லும் முன், பிபியும் சுகரும் கொலஸ்ட்ராலும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று யோசியுங்கள். ஒருவகையில் இதுதான் முதல் ‘ஹார்ட் செக்கப்’. செலவும் குறைவு.

அப்பாவோ அண்ணனோ 55 வயதுக்குள், அம்மாவோ அக்காவோ 65 வயதுக்குள் மாரடைப்பு கண்டிருந்தாலும், நீங்கள் புகை பிடிப்பவராக இருந்தாலும், உட்கார்ந்தே இருந்துவிட்டு இப்போது ஓட்டம், கிராஸ்ஃபிட் என்று நேராகப் பாயப் போகிறீர்கள் என்றாலும் டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: ‘கேஸ்’. மாடிப்படி ஏறும்போது நெஞ்சை அடைக்கிறது, நின்றால் சரியாகிறது. இதற்கு நம் வீடுகளில் கிடைக்கும் முதல் வைத்தியம் ஓமத்தண்ணீர், அடுத்தது சோடா, பிறகு ஜெலுசில். நடந்தால் வந்து, நின்றால் போகிற அடைப்பு வாயுவாக இருக்க வாய்ப்பு குறைவு. தாடை, தோள், இடது கைக்குப் பரவினால் இன்னும் சந்தேகப்பட வேண்டும். பெண்களுக்கு வலியே இல்லாமல் மூச்சிரைப்பும் அசாத்திய சோர்வுமாக மட்டும் வரலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதுகூட இல்லாமல் போகலாம். ‘வீட்டு வேலை ஜாஸ்தி, அதான் அசதி’ என்று தள்ளிப்போடும் அம்மாக்களை நடைப்பயிற்சிக்கு அனுப்பும் முன் ஒருமுறை டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

ஈசிஜி நார்மல் என்றால் தைரியமாக இருக்கலாமா?

முழுசாக இருக்க முடியாது. படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜி, அந்தச் சில நொடிகளில் இதயத்தின் மின்னோட்டம் எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்லும். குழாயில் பாதி அடைப்பு இருந்தாலும் அது நார்மலாக வரலாம். எக்கோ, தசையையும் வால்வையும் பம்ப் செய்யும் திறனையும் காட்டும். ரத்தக் குழாய்களைக் காட்டாது. டிரெட்மில் டெஸ்டில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தையும் சரிவையும் கூட்டி, இதயம் பாரம் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். பெரிய அடைப்புகளை அது பிடித்துவிடும். ஆனால் திடீரென வெடிக்கும் படிவுகளில் பல, சின்ன அடைப்புகளே. அவை இந்த டெஸ்டில் தப்பிவிடும். மறுபக்கம், எந்த ஆபத்தும் இல்லாதவர் ஆசைக்காக டெஸ்ட் எடுத்தால், இல்லாத கோளாறு இருப்பதுபோல் காட்டி, தேவையில்லாத ஆஞ்சியோவில் கொண்டுபோய் விடவும் செய்யும்.

ஆகவே ‘ஹார்ட் பேக்கேஜ்’ விளம்பரத்தைப் பார்த்து நேராக லேபுக்குப் போவதைவிட, முதலில் ஒரு பொது மருத்துவரிடம் உட்கார்ந்து பேசுவது மேல். எந்த டெஸ்ட் வேண்டும் என்பதை அவர் முடிவு செய்யட்டும். பணம் கவலை என்றால் அரசு வழி இருக்கிறது. ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் 2016-ல் முழு உடல் பரிசோதனை மையம் தொடங்கியபோது 1,000, 2,000, 3,000 ரூபாய் என மூன்று அடுக்குகள் வைத்தார்கள். பிபி, சுகர் மட்டும் பார்க்க உங்கள் வார்டு ஆரம்ப சுகாதார நிலையமே போதும். 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் பெசன்ட் நகர்ப் பக்கம் 8 கி.மீ. நடைபாதை அமைத்தபோது, மாதத்தின் முதல் ஞாயிறு மருத்துவ முகாமும் அறிவித்தார்கள்.

இத்தாலியில் 1982 முதல் போட்டி விளையாட்டு வீரர்கள் எல்லாருக்கும் ஈசிஜி சட்டப்படி கட்டாயம். வெனெட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் மரணம் 89 சதவீதம் குறைந்ததாக 2006-ல் எழுதினார்கள். இஸ்ரேல் 1997-ல் அதேபோல் சட்டம் போட்டும் மாற்றம் தெரியவில்லை. வீரர்கள் விஷயத்திலேயே இவ்வளவு விவாதம் என்றால், பனகல் பூங்காவை நான்கு சுற்று சுற்றப் போகிறவருக்கு அது எதற்கு என்பது என் கட்சி.

எப்படித் தொடங்குவது?

முதல் வாரம் 10, 15 நிமிட நடை. பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும். பாட முடியாத வேகம் போதும். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். வாரம் 150 நிமிடம் என்ற இலக்கை எட்ட இரண்டு மாதம் ஆனாலும் பரவாயில்லை. ஓட்டமும் எடையும் அதற்குப் பிறகு. சென்னைப் புழுக்கத்தில் மே மாதம் எட்டு மணிக்கு மேல் மெரினாவில் ஓடுவது இதயத்துக்கு இரட்டை வேலை. ஜுரம் அடிக்கும்போதும், விட்ட ஒரு வாரத்துக்கும் கடும் பயிற்சி வேண்டாம். வைரஸ் இதயத் தசையையும் தாக்கலாம். இரவு பார்ட்டி முடித்து, காலையில் ‘கலோரியைக் கரைக்கிறேன்’ என்று கிளம்பாதீர்கள்.

பயிற்சியின் நடுவே நெஞ்சு அடைத்தால், தலை சுற்றினால், துடிப்பு தாறுமாறானால் அந்த நொடியே நிறுத்துங்கள். ‘இன்னும் ஒரு செட் இருக்கு’ என்று டிரெய்னர் சொன்னாலும் கேட்காதீர்கள். பக்கத்தில் ஒருவர் விழுந்து, கூப்பிட்டால் பேசாமல், மூச்சு இல்லாமல் கிடந்தால், ஒருவர் 108-க்கு போன் போடட்டும். இன்னொருவர் மார்பின் நடுவே இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், ஆம்புலன்ஸ் வந்து சேரும் வரை.