கொறிப்பது முயலின் குற்றமா?

முயல் வளர்க்கும் வீடுகளில் ஒரு முறைப்பாடு அடிக்கடி எழும். நேற்று கைத்தொலைபேசியின் சார்ஜர் வயர், இன்று கதிரைக் கால், நாளை பாடக் கொப்பி. பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய முயல், சில மாதங்களில் வீட்டை நாசமாக்கும் பிராணி என்று பெயரெடுத்து, நாள் முழுவதும் கூட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. கொறித்தல் உண்மையில் முயலின் கெட்ட பழக்கந்தானா? அதன் உடலமைப்பைச் சற்று அறிந்துகொண்டால் விடை கிடைத்துவிடும்.

முயலுக்கு 28 பற்கள் உள்ளன. நமது பற்கள் முளைத்து ஓரளவு வளர்ந்ததும் நின்றுவிடும். முயலின் பற்களோ அத்தனையும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் வாரமொன்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீற்றர் வரை வளரும். வளரும் வேகத்துக்கு ஏற்பத் தேயாவிட்டால் பற்கள் நீண்டு வளைந்து, நாக்கையும் கன்னத்தையும் குத்திப் புண்ணாக்கும். பிறகு முயலால் உண்ண முடியாது.

பல் தேய்வதற்கு ஒரு மரத்துண்டைப் போட்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். மரத்தைக் கொறிக்கும்போது முன்பற்களே பெரிதும் வேலை செய்கின்றன. கடைவாய்ப் பற்கள் தேய வேண்டுமானால், முயல் தன் தாடையைப் பக்கவாட்டில் அசைத்து நெடுநேரம் அரைக்க வேண்டும். அந்த வேலையைத் தருவது புல். அதே புல்லிலுள்ள நார்தான் அதன் குடலையும் இயங்க வைக்கிறது. ஆகவே முயலின் உணவில் ஐந்தில் நான்கு பங்கு பச்சைப் புல்லாகவோ உலர்ந்த புல்லாகவோ இருத்தல் வேண்டும். நமது நாட்டில் எங்கும் செழித்து வளரும் கினிப்புல் இதற்கு ஏற்றது. வாகனப் புகையும் கிருமிநாசினியும் படாத இடத்தில் வெட்டி, கழுவிக் கொடுக்கலாம். படக்கதை முயல்கள் விரும்பும் கரட்டில் இனிப்பு அதிகம். எப்போதாவது ஒரு சிறு துண்டு போதும். கரட்டையும் கடைத் தீவனத்தையும் தின்று சீக்கிரம் வயிறு நிறைந்த முயல், மீதி நேரமெல்லாம் வாய்க்கு வேலை தேடும். அப்போது அகப்படுவது நமது கதிரைக் கால்.

சலிப்பும் ஒரு காரணம். அதிகாலையிலும் அந்திவேளையிலும் முயல் மிகச் சுறுசுறுப்பாக இருக்கும். அந்நேரங்களில் அதை வெளியே விட்டு, நாளொன்றுக்கு மூன்று நான்கு மணித்தியாலங்களாவது ஓடியாட இடமளித்தால் கூட்டுக் கம்பியைக் கடிப்பது குறையும். பருவமடையும் வயதிலும் கொறித்தலும் தோண்டுதலும் அதிகரிக்கும். கருத்தடைச் சத்திரசிகிச்சை இதைத் தணிக்கக்கூடும். இது பற்றி முயல்களைக் கவனித்து அனுபவமுள்ள மிருக வைத்தியரிடம் கேட்கலாம்.

இனி வீட்டில் செய்ய வேண்டியவை. முதலாவது, மறைத்தல். மின்சாரம் பாயும் வயரை ஒரு தடவை கடித்தாலே உயிர் போகலாம். எனவே வயர்களை உயரத்தில் கட்டுங்கள், அல்லது கடினமான பிளாஸ்ரிக் குழாய்க்குள் செலுத்திவிடுங்கள். முயலால் வாந்தியெடுக்க முடியாது. விழுங்கிய துணியும் பிளாஸ்ரிக்கும் குடலை அடைத்துவிடலாம். அலரி போன்ற நச்சுச் செடிகளையும் அதற்கு எட்டாமல் வையுங்கள்.

இரண்டாவது, மாற்றுப்பொருள் கொடுத்தல். மருந்து தெளிக்காத கொய்யா அல்லது மல்பெரிக் கிளை, ஒட்டுநாடா நீக்கிய காட்போட் பெட்டி, சாயமிடாத பன்பாய்த் துண்டு ஆகியவை செலவில்லாத விளையாட்டுப் பொருட்கள்.

மூன்றாவது, திசைதிருப்புதல். கதிரையை நெருங்கும்போது மெதுவாகக் கைதட்டி, கொறிக்கத் தகுந்ததை அதன் முன்னே வையுங்கள். ஒருபோதும் அடிக்க வேண்டாம். அடித்தால் கதிரையைக் கடிக்கக் கூடாது என்பது அதற்குப் புரியாது; அடிக்கும் கை ஆபத்தானது என்பது மட்டுமே புரியும். அதன் முதுகெலும்பும் மிக மென்மையானது. பயந்து உதறினாலே முறிந்துவிடக்கூடும்.

இவ்வளவு செய்தும் முயல் எதையாவது கொறிக்கத்தான் செய்யும். அது கொறிப்பதைக் கண்டு நாம் எரிச்சலடைகிறோம். உண்மையில் அஞ்ச வேண்டியது, கொறிப்பதை நிறுத்திவிட்ட முயலைக் கண்டுதான். உண்ணாமல் மூலையில் ஒடுங்கியிருந்தால், புழுக்கையும் காணப்படாவிட்டால், அதன் குடல் இயக்கம் நின்றுபோயிருக்கலாம். பன்னிரண்டு மணித்தியாலம் எதையும் உண்ணாத முயலின் உயிர் ஆபத்திலுள்ளது. நாளைக்குப் பார்ப்போம் என்று இராமல் உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

ஆகவே முயல் வாங்க எண்ணும் மாணவியரும் பெற்றோரும் கூட்டின் விலையை விசாரிக்கும் முன், நாள்தோறும் புல் எங்கிருந்து வரும், அதை யார் வெட்டி வருவார் என்பதை வீட்டில் பேசித் தீர்மானித்துக்கொள்வது நல்லது.