தொப்பியைக் கழற்றாதவர்கள்



பெரிய மனிதர் எதிரே வந்தால் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்ட காலம் நம்மூர்களில் இருந்தது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அதற்கு ஈடான மரியாதை, தொப்பியைக் கழற்றுவது. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவக் குழுவினர் அதை மறுத்தார்கள். நீதிபதியானாலும் நிலப்பிரபுவானாலும் 'நீ' என்றே பேசினார்கள்.

ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கிய இயக்கம் இது. எல்லோருக்குள்ளும் இறைவனின் ஒளி உண்டு, இடையில் குருமார் வேண்டாம் என்றது. வேதமான பைபிளை மதிக்காதவர்கள் என்று பழி வந்தது. ஆயிரக்கணக்கானோர் சிறைப்பட்டனர்.

1676இல் குவேக்கரான ராபர்ட் பார்க்ளே 15 கருத்துரைகளை விளக்கி, லத்தீனில் மறுப்பு நூல் எழுதினார். வேதம் ஊற்றைக் காட்டுகிறது, ஊற்று இறைவனின் ஆவியே என்பது அவர் வாதம். மூல வைகை பிறக்கும் வருசநாட்டு மலையடியில் இருப்பவர்களுக்கு இந்த உவமை சட்டென்று புரியும். 1689இல் வந்த சகிப்புச் சட்டம் குவேக்கர்களின் வழிபாட்டுக்கு வழிவிட்டது.

இந்த இயக்கத்துக்கு நம்மூர்த் தொடர்பும் உண்டு. 1928இல் சென்னை பெண்டிங்க் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்த மார்ஜரி சைக்ஸ் பின்னாளில் குவேக்கரானவர். சாந்திநிகேதனிலும் காந்தியின் ஆதாரக் கல்விப் பணியிலும் உழைத்து, பிறகு கோத்தகிரியில் வாழ்ந்தார்.