செவ்வாயில் குடியேறலாமா?

செவ்வாய்க் கிரகம் எனக்கு முதலில் அறிமுகமானது வானத்தில் அல்ல, ஜாதகக் கட்டத்தில்தான். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் உறவினர் வீடுகளில் "பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம்" என்றாலே பெரியவர்களின் குரல் தாழ்ந்துவிடும். இன்று வானொலியில் என்னிடம் பேசும் இளைஞர்களோ வேறு கேள்வி கேட்கிறார்கள்: "அங்கே போய்க் குடியிருக்க முடியுமா?"

அந்தச் செவ்வாயைத் தேடி 2013 நவம்பர் 5-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து மங்கள்யான் கிளம்பியது. அந்தப் பணியை முன்னின்று நடத்தியவர்களில் இருவர் தமிழர்கள்: பொள்ளாச்சி பக்கத்துக் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை, நெல்லைச் சீமையைச் சேர்ந்த சுப்பையா அருணன். 2014 செப்டம்பர் 24 அன்று, இந்தியாவின் முதல் முயற்சியிலேயே, அது செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. அதிலிருந்த ஐந்து கருவிகளில் ஒன்று மீத்தேன் வாயுவைத் தேடியது. நம் சதுப்பு நிலங்களிலும் மாட்டின் வயிற்றிலும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வாயு அது. அங்கேயும் இருந்தால், உயிரின் தடயமாக இருக்கலாமே என்ற எதிர்பார்ப்புதான்.

குடியேறுவது அவ்வளவு சுலபமில்லை. செவ்வாயின் சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 60 டிகிரி. காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. வெள்ளி கிட்டத்தட்ட பூமியின் அளவுதான். ஆனால் கரியமில வாயு கம்பளி போல மூடியிருப்பதால் அங்கே சுமார் 460 டிகிரி சூடு. ஈயமே உருகிவிடும். வியாழனிலும் சனியிலும் கால் வைக்கத் தரையே இல்லை. நம்பிக்கை தருபவை அவற்றின் நிலவுகள். வியாழனின் யுரோப்பாவில் பனிக்கட்டிக்கு அடியில் கடல் இருப்பதாக விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். அதை ஆராய 2024 அக்டோபரில் புறப்பட்ட நாசாவின் விண்கலம் 2030-இல்தான் வியாழனை அடையும்.

செவ்வாயிலும் ஒரு காலத்தில் ஆறுகள் ஓடின; வறண்ட தடங்கள் இன்றும் தெரிகின்றன. காந்தப் புலம் மறைந்தது; சூரியக் காற்று வளிமண்டலத்தை அரித்துச் சென்றது; தண்ணீரும் நிலைக்கவில்லை.

இங்கே 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்று நீரில் தொழிற்சாலைக் கழிவு கலந்ததும், கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரை குழாய்கள் வறண்டன. தண்ணீர் லாரிக்கு வாளியோடு வரிசையில் நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். செவ்வாயின் ஆறுகளைக் காப்பாற்ற அங்கே யாரும் இல்லை. நம் ஆற்றுக்கு நாம் இருக்கிறோம். அடுத்த முறை ஆற்று நீர் நிறம் மாறியோ நாற்றமடித்தோ இருந்தால், மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போகாதீர்கள். உடனே புகார் கொடுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே கொடுங்கள்.